பாறையும் பாக்குவெட்டியும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும் நாலு பக்க மொழிபெயர்ப்பும் போன வியாழக்கிழமை கிடைத்தன. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்து, கோயில் வரை நடக்கிறாள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லாரும் நலம். பேத்திக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. கைக்குக் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள். கிணற்றடி முருங்கை ஆடிக் காற்றில் பாதியாக முறிந்துவிட்டது. மிச்சம் நிற்கிற பாதியில் இப்போது துளிர் விட்டிருக்கிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவன், தான் 'பிட்வீன் எ ராக் அண்ட் எ ஹார்ட் பிளேஸ்', அதாவது பாறைக்கும் கெட்டியான இடத்துக்கும் நடுவே, இருப்பதாகச் சொல்கிற இடத்தில் 'இருதலைக் கொள்ளி எறும்பாய்த் தவித்தேன்' என்று போட்டிருக்கிறாய். சரிதானா என்று கேட்டாய். அகராதிப்படி சரி. எந்தப் பக்கம் போனாலும் அடி, போகாமல் நிற்கவும் முடியாது என்பதுதான் அதன் பொருள். இன்னொரு இடமாக இருந்தால் நானும் அதையே எழுதியிருப்பேன். இந்த இடத்தில் மட்டும் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் என்று நாலு நாளாக யோசித்ததைத்தான் எழுதுகிறேன்.

அந்த எறும்பு நமக்கு எவ்வளவு பழையது என்று உனக்கே தெரியும். அகநானூற்றில் இருக்கிறது. பொருள் தேடப் புறப்பட்டவன் நடுவழியில் நின்று, போகவும் முடியாமல் அவளிடம் திரும்பவும் முடியாமல் தவிக்கும்போது தன்னை அந்த எறும்பு என்கிறான். மாணிக்கவாசகரும் அதையே எடுத்து, இறைவனைப் பிரிந்து தவிப்பதைச் சொல்லி அவனிடமே முறையிடுகிறார். இரண்டு இடத்திலும் நெருப்பு உள்ளே இருக்கிறது, கவனித்தாயா? ஆசையும் அவனுடையது, கடமையும் அவனுடையது. வேறு யாரும் அவனை நெருக்கவில்லை. நெஞ்சு இரண்டாகக் கிழிவதைச் சொல்ல அதைவிட நல்ல உவமை எந்த மொழியிலும் இருக்காது என்பேன்.

உன் தொழிலாளிக்கு நெஞ்சு கிழியவில்லை. அவனை வெளியிலிருந்து பிடித்து நெருக்கினார்கள்.

அந்தச் சொல் அரிசோனா பக்கத்துச் சொல். 1921-ல் அமெரிக்க வட்டார வழக்குச் சங்கத்தின் இதழ் அதைக் குறித்து வைத்திருக்கிறது. அங்கே கொடுத்திருக்கும் பொருள் என்ன தெரியுமா? திவாலாகிப் போவது. சமீபத்திய பண நெருக்கடிகளின்போது அரிசோனாவில் பரவலாக வழங்கியது என்றும் எழுதியிருக்கிறார்கள். அதாவது பிறந்தபோது அது கையில் காசில்லாதவன் சொல். எந்தக் கல்லூரியில் சேர்வது, எந்த வீட்டை வாங்குவது என்று குழம்புகிறவர்களெல்லாம் அதைச் சொல்லத் தொடங்கியது பிற்பாடுதான்.

அரிசோனாவில் பிஸ்பி என்ற செம்புச் சுரங்க ஊரில் 1917-ல் நடந்ததிலிருந்துதான் அந்தச் சொல் வந்தது என்று பலர் சொல்கிறார்கள். அந்த இதழ்க் குறிப்பில் பிஸ்பி என்ற பேரே இல்லை. அதனால் அடிக்குறிப்பில் அதைத் துணிந்து எழுதிவிடாதே. ஆனால் அந்தச் சம்பவத்தைத் தெரிந்துகொள். உன் மொழிபெயர்ப்புக்கு அது வேண்டும்.

முதல் உலகப் போரில் செம்பு விலை எகிறியிருந்த நேரம். ஃபெல்ப்ஸ் டாட்ஜ் நிறுவனம்தான் ஊரில் பெரிய கை. கூலி செம்பு விலையோடு ஏறும், இறங்கும். தொழிலாளிகள் கேட்டது, அப்படி ஏற்றி இறக்காமல் நாளுக்கு ஆறு டாலர் என்று நிலையான கூலி. ஆள் உள்ளே இருக்கும்போது வெடி வைக்கக்கூடாது என்பது இன்னொரு கோரிக்கை. இதைக்கூட ஒருவன் கேட்டு வாங்க வேண்டியிருந்தது, பார். ஜூன் கடைசியில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூலை 12 விடியற்காலை, அந்தப் பகுதிக் காவல் தலைவரான ஷெரீஃப் ஹாரி வீலர் திரட்டிய சுமார் 2,000 பேர் கையில் வெள்ளைத்துணி கட்டிக்கொண்டு, துப்பாக்கியோடு வீடு வீடாகப் புகுந்தார்கள். அகப்பட்டவர்களை இரண்டு மைல் நடத்திக்கொண்டுபோய் வாரன் என்ற இடத்தில் ஒரு பேஸ்பால் மைதானத்தில் அடைத்தார்கள்.

அந்த மைதானத்தில்தான் நான் நின்றுவிட்டேன். அங்கே வைத்து அவர்களுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். தொழிற்சங்கத்தைத் தூற்றிவிட்டு வேலைக்குத் திரும்பச் சம்மதித்தால் வீட்டுக்குப் போகலாம். சுமார் 700 பேர் சம்மதித்துப் போனார்கள். மாட்டேன் என்று நின்ற ஏறத்தாழ 1,200 பேரை மாடு ஏற்றும் 23 ரயில் பெட்டிகளில், தரையில் சாணி கிடந்தபடியே ஏற்றினார்கள். ஜூலை மாதப் பாலைவன வெயில். சோறு இல்லை, தண்ணீர் பேருக்கு. பதினாறு மணி நேரப் பயணத்துக்குப் பிறகு நியூ மெக்சிகோவில் ஹெர்மானாஸ் என்ற இடத்தில் இறக்கிவிட்டார்கள். திரும்பி வந்தால் தொலைத்துவிடுவோம் என்ற மிரட்டலும் சேர்த்து. பெண்டாட்டி பிள்ளைகள் பிஸ்பியிலேயே இருந்தார்கள். அதிபர் அமைத்த குழு இது சட்டவிரோதம் என்று சொன்னது. கடைசியில் தண்டனை என்று ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

இப்போது சொல், அந்த மைதானத்தில் நின்றவனை எறும்பு என்பாயா? எறும்புக்காவது குச்சியில் முன்னும் பின்னும் ஓட இடம் இருக்கிறது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் எட்டாம் வகுப்பு படித்தபோது எங்கள் ஊர் மில்லில் கதவடைப்பு. எழுபது நாள் ஆனது. மளிகைக்கடையில் கடன் நின்றுபோனது. அம்மாவின் செப்புக்குடம் அடகுக்குப் போனது. பிறகு, இனிமேல் சங்கம், வேலைநிறுத்தம் என்று எதிலும் சேரமாட்டேன் என்று எழுதிக் கொடுப்பவர்கள் மட்டும் வரலாம் என்று கேட்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். அன்றைக்கு ராத்திரி அப்பா திண்ணையில் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அப்பத்தா கொட்டைப்பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பாக்குவெட்டி இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. கைபட்டுக் கைபட்டுக் கருத்துப் பளபளத்த இரும்பு. கீழ்த்தண்டு அசையாது, பாக்கு அதன்மேல் உட்காரும், மேலே இருக்கிற அலகு இறங்கும். பாக்கு வழுக்கி ஓடாதபடி இடதுகைக் கட்டைவிரலால் பிடித்துக்கொள்வாள். திடீரென்று வெட்டுவதை நிறுத்திவிட்டு, "பாக்குவெட்டில அகப்பட்ட பாக்கா ஆயிட்டானே எம்புள்ள"ன்னு சொன்னாள். அப்பா தலை நிமிரவில்லை.

மாப்பிள்ளை, உன் தொழிலாளிக்கு அந்தப் பாக்கைத்தான் கொடுக்கச் சொல்கிறேன். கீழே அசையாத இரும்பு, மேலே இறங்குகிற இரும்பு. முக்கியமாக, அதை அழுத்துகிற கை ஒன்று இருக்கிறது. பாறை என்ற சொல்லை விட மனசில்லை என்றால் 'இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் அதைவிடக் கெட்டி' என்று பேச்சாகவே எழுதிவிடு. அதுவும் நன்றாக இருக்கும். மூன்றாம் பக்கத்தில், தொழிலாளிகளைக் காட்டிக்கொடுக்கவா, மேலதிகாரியைப் பகைக்கவா என்று தவிக்கிற மேஸ்திரிக்கு உன் எறும்பை வைத்துக்கொள். அவனுக்கு அது அப்படியே பொருந்துகிறது.

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போர் வருகிற பக்கத்தில் இருக்கும் 'பிசாசுக்கும் கடலுக்கும் நடுவே' என்பதை மாற்றாமல் விட்டதும் நல்லது. ஸ்வீடன் பக்கம் நின்று போரிட்ட ராபர்ட் மன்ரோ என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1637-லேயே அதை எழுதியிருக்கிறார். எதிரே பகைவன், பின்னாலிருந்து தங்கள் பீரங்கிக் குண்டே குறைதூரத்தில் வந்து விழுகிறது. நம் தமிழில் பிசாசும் கடலும் சேர்ந்தே பயமூட்டும். விளக்கம் வேண்டியதில்லை.

அப்பா எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். எழுதிக் கொடுக்க மறுத்த அவருடைய சிநேகிதர், அடுத்த தெருவில் இருந்தவர், மில்லை விட்டு வெளியேறி சைக்கிள் கடை வைத்தார். தினமும் சாயங்காலம் எங்கள் திண்ணைக்கு வருபவர், அதற்குப் பிறகு வரவில்லை. அப்பாவும் கூப்பிடவில்லை. அப்பா சைக்கிளில் காற்று இறங்கினால் மட்டும் நான்தான் அதை உருட்டிக்கொண்டு அவர் கடைக்குப் போவேன். அவர் காசு வாங்கமாட்டார். "ஒங்கப்பன் நல்லா இருக்கானா"ன்னு கேட்பார். வீட்டுக்கு வந்து சொன்னால், அப்பா கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார்.

அடுத்த அத்தியாயத்தை முடித்ததும் அனுப்பு. தங்கச்சியை மாடிப்படி ஏறவிடாதே. ஐப்பசி மழை விட்டதும் ஒரு நாள் இரண்டு பேரும் வந்து தங்கிவிட்டுப் போங்கள். துளிர்த்த முருங்கை அதற்குள் காய்த்திருக்கும்.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத் தோழன்