டிக்கெட் தர ஆள் இல்லாத நிலையத்தில் டிக்கெட் இல்லையென்று அபராதம்: நான்காவது கோரிக்கை மனு

பெறுநர்:
உயர்திரு முதுநிலைக் கோட்ட வணிக மேலாளர் அவர்கள்,
கோட்ட ரயில்வே அலுவலகம்.

பொருள்: எங்கள் புறநகர் நிலையத்தில் காலை வேளையில் இரண்டாவது டிக்கெட் கவுன்ட்டரைத் திறக்கவும், டிக்கெட் எடுக்க முயன்றும் கிடைக்காத என் மகளிடம் வசூலித்த 260 ரூபாயைத் திருப்பித் தரவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கத்தில், தண்டவாளத்தை ஒட்டிய சந்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். என் மகள் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கடந்த ஜூன் மாதம் அவளுக்கு விதிக்கப்பட்ட அபராதம் தொடர்பாகத் தங்கள் அலுவலகத்துக்கு ஜூன் இறுதியில் ஒரு மனுவும் ஆகஸ்ட்டில் ஒரு மனுவும் பதிவு அஞ்சலில் அனுப்பினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. அக்டோபரில் மகளின் செல்போன் வழியாக மூன்றாவது முறை புகார் செய்தோம். இரண்டே நாளில் பதில் வந்தது. "விதிப்படி வசூலிக்கப்பட்டுள்ளது. உரிய டிக்கெட்டுடன் பயணிக்கும்படி பயணி அறிவுறுத்தப்படுகிறார். புகார் முடிக்கப்பட்டது" என்று மூன்றே வரி. அந்த உரிய டிக்கெட்டை எங்கே வாங்குவது என்றுதான் ஐயா நாங்கள் கேட்டிருந்தோம். ஆகவே இந்த நான்காவது மனுவைத் தாங்களே படித்துப் பார்க்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்களுக்கு எங்கள் நிலையம் தெரியும். நடைமேடைக் கூரை போட்டபோது தாங்கள் ஆய்வுக்கு வந்து, சுரங்கப்பாதைப் படியருகே நின்று பேசினீர்கள். அன்று தாங்கள் நின்ற அதே படி வரைக்கும் இன்று காலை ஆறரை மணிக்கு டிக்கெட் வரிசை நீள்கிறது.

1. நிலையத்தில் இரண்டு கவுன்ட்டர்கள் உள்ளன. காலையில் திறந்திருப்பது ஒன்று. மற்றொன்றின் கண்ணாடிக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அது கடைசியாக எப்போது திறந்தது என்று எங்கள் சந்தில் யாருக்கும் நினைவில்லை.

2. தானியங்கி டிக்கெட் இயந்திரங்கள் இரண்டு. ஒன்றின் மேல் "இயங்கவில்லை" என்று கையால் எழுதி ஒட்டிய தாள் மழையில் நனைந்து மை பரவிக் கிடக்கிறது. மற்றொன்று நன்றாக இருக்கிறது. ஆனால் அதை இயக்கித் தருபவர் எட்டு மணிக்கு மேல்தான் வருகிறார். தானே இயக்கலாமே என்றால், திரையைத் தொட்டால் தொட்ட இடம் ஒன்று, திறக்கிற இடம் வேறு. வேலைக்குப் போகிற அவசரத்தில் பின்னால் இருபது பேர் நிற்கும்போது, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களால் அதை என்ன செய்ய முடியும்?

3. "செல்போனில் எடுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். சென்னைப் புறநகர் ரயில்களில் 2015 முதலே செல்போன் செயலியில் காகிதமில்லாத டிக்கெட் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிலையத்துக்குள்ளோ தண்டவாளத்துக்குப் பக்கத்திலோ நின்றுகொண்டு அந்தச் செயலியில் எடுக்க முடியாது. பரிசோதகரைக் கண்டதும் அவசரமாக டிக்கெட் எடுப்பதைத் தடுக்கத்தான் அந்தக் கட்டுப்பாடு என்று மகள் சொன்னாள். அதிலும் நியாயம் உண்டு. எங்கள் சந்து தண்டவாளத்தின் வேலியை ஒட்டியே போகிறது. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து டிக்கெட் எடுத்தாலும் "நீங்கள் நிலைய எல்லைக்குள் இருக்கிறீர்கள்" என்றே அந்தச் செயலி சொல்கிறது. 2024இல் தொலைவு வரம்பை எடுத்துவிட்டார்கள், எந்த ஊரிலிருந்தும் எந்த நிலையத்துக்கும் எடுக்கலாம் என்கிறார்கள். மதுரையில் இருப்பவர் எங்கள் நிலையத்திலிருந்து டிக்கெட் எடுக்கலாம். நிலையத்தை ஒட்டி வாழும் நாங்கள் பிள்ளையார் கோயில் முனை வரை நடந்து போய், அங்கே சிக்னல் வரும் வரை கையை உயர்த்திப் பிடித்து நிற்க வேண்டும். நிலையத்துக்குள்ளேயே எடுக்க ஒரு க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறீர்கள். அதன் கண்ணாடித் தாள் ஒரு மூலையில் கிழிந்து, வெயிலில் கறுப்புக் கட்டங்கள் வெளுத்துப் பழுப்பாகிவிட்டன. பத்து முறை காட்டினால் ஒரு முறை எடுக்கிறது. இதைப் படமெடுத்து ஆகஸ்ட் மனுவுடன் இணைத்தேன். இன்றைக்கும் அதே அட்டைதான்.

4. இனி என் மகளுக்கு நடந்தது. இதைத்தான் தாங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

அன்று அவளுக்கு எட்டு மணிக்கு வார்டில் பயிற்சி. பத்து நிமிடம் தாமதமானால் அன்றைய வருகைப்பதிவு போய்விடும். 6.42 ரயிலை விட்டால் அடுத்த ரயிலில் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அதனால் 6 மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பினாள். கோயில் முனையில் நின்று 6.11க்கு செல்போனில் டிக்கெட் எடுத்தாள். வங்கிக் கணக்கிலிருந்து 10 ரூபாய் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. டிக்கெட் வரவில்லை. "பரிவர்த்தனை நிலுவையில் உள்ளது" என்று சுற்றிக்கொண்டே இருந்தது. சரி, கவுன்ட்டரில் எடுத்துக்கொள்ளலாம் என்று 6.16க்கு வரிசையில் போய் நின்றாள். அவளுக்கு முன்னால் நாற்பது பேருக்குக் குறையாது. மாதத்தின் முதல் வாரம் என்பதால் சீசன் டிக்கெட்டுக்காரர்களும் அதே வரிசையில். 6.40க்கு ரயில் வரும் அறிவிப்பு கேட்டபோது அவளுக்கு முன்னால் இன்னும் பன்னிரண்டு பேர். ஓடிப்போய் அந்த வெளுத்த அட்டையைப் போனில் காட்டினாள். எடுக்கவில்லை. ரயில் வந்துவிட்டது. ஏறிவிட்டாள்.

ஏறியது தவறு என்கிறீர்கள். ஐயா, தங்கள் பெண்ணாக இருந்தால் என்ன செய்யச் சொல்லியிருப்பீர்கள்?

இறங்கிய நிலையத்தில் மேம்பாலப் படியின் அடியில் பரிசோதகர்கள் நின்றிருந்தார்கள். அவள் ஒளியவில்லை. தானாகவே போய்ச் செல்போனை நீட்டி, நடந்ததைச் சொல்லி, பணம் கழிந்த செய்தியைக் காட்டினாள். "மெசேஜ் டிக்கெட் ஆகாது" என்றார் ஒருவர். பத்து ரூபாய்க் கட்டணமும் 250 ரூபாய் அபராதமும் கட்டச் சொன்னார்கள். அவள் பையில் இருந்தது 140 ரூபாய். வங்கிக் கணக்கில் அதுவும் இல்லை. சுவரோரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். இருபத்தைந்து நிமிடம் நின்றாள். வெள்ளைச் சீருடையில், கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையுடன். அவளுடன் படிக்கிற பெண்கள் அந்தப் படியில்தான் ஏறிப் போனார்கள். அவர்களில் ஒருத்தி திரும்பி வந்து 120 ரூபாய் கொடுத்த பிறகுதான் விட்டார்கள். ரசீதில் காரணம் என்ற இடத்தில் "டிக்கெட் இல்லை" என்று எழுதியிருக்கிறது. அதன் நகலை இந்த மனுவுடன் வைத்திருக்கிறேன். அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அன்று வார்டுக்குப் போக எட்டரை ஆனது. வருகைப்பதிவும் போயிற்று.

நான்கு நாள் கழித்து அந்தப் பத்து ரூபாய் அவள் கணக்குக்குத் திரும்பி வந்தது. தேதியும் நேரமும் வங்கிப் பட்டியலில் இருக்கின்றன. அதன் நகலும் இணைத்திருக்கிறேன். 6.11க்கு எடுத்த பணத்தைத் தங்கள் செயலியே திருப்பித் தந்திருக்கிறது என்றால், அவள் ரயில் ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே டிக்கெட் வாங்க முயன்றாள் என்பதற்கு அதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

5. நான் சட்டம் படித்தவள் அல்ல. எங்கள் சந்தில் இருக்கும் வழக்கறிஞர் தம்பி, 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்திலிருந்து இரண்டு பிரிவுகளை எடுத்துப் படித்துக் காட்டினார். ஏமாற்றும் எண்ணத்துடன் பயணம் செய்பவர்களுக்கு 137ஆம் பிரிவு. வெறுமனே டிக்கெட் இல்லாதவர்களுக்கு 138ஆம் பிரிவு. பயணக் கட்டணம் போக, அந்தக் கட்டணத்துக்குச் சமமான தொகை அல்லது 250 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது அபராதம். அதனால்தான் பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு 260 ரூபாய் ஆகிறது. கட்ட முடியாது என்று மறுத்தால் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டு போகலாம், பத்து நாள் முதல் ஒரு மாதம் வரை சிறையும் உண்டு என்று அவர் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. பத்தொன்பது வயதுப் பெண் அந்த இடத்தில் எப்படி எதிர்த்துப் பேசுவாள்?

ஆனால் அதே சட்டத்தில் 55ஆம் பிரிவும் இருக்கிறது. டிக்கெட் இல்லாத பயணி, அதற்கு அதிகாரம் பெற்ற ரயில்வே ஊழியரிடம் முன்கூட்டியே அனுமதி பெற்று, கட்டணத்தைப் பிறகு செலுத்துவதாக ஒரு சான்று வாங்கிக்கொண்டு ஏறலாம். அந்தச் சான்று கையில் இருந்தால் அபராதம் கிடையாது என்று 138ஆம் பிரிவே சொல்கிறது. அதாவது, டிக்கெட் வாங்க முடியாத நிலைமை வரும் என்று சட்டம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அந்தச் சான்றை எங்கள் நிலையத்தில் யார் தருவார்? கவுன்ட்டரில் இருப்பவரிடம் கேட்க வேண்டுமென்றாலும் அந்த நாற்பது பேர் வரிசையில்தான் நிற்க வேண்டும். ரயிலின் கார்டிடம், இப்போது ரயில் மேலாளர் என்கிறார்கள், அவரிடம் கேட்க வேண்டுமென்றால் பன்னிரண்டு பெட்டி ரயிலின் கடைசிப் பெட்டி வரை ஓட வேண்டும். ரயில் நிற்பது அரை நிமிடம். இப்படி ஒரு சான்று உண்டு என்ற அறிவிப்பு நிலையத்தில் எங்காவது இருக்கிறதா என்று நானே இரண்டு நடைமேடைகளிலும் நடந்து பார்த்தேன். இல்லை. டிக்கெட் இன்றிப் பயணித்தால் தண்டனை என்ற பலகை மட்டும் மூன்று இடத்தில் புதுப் பெயின்ட்டுடன் இருக்கிறது.

6. சீசன் டிக்கெட் எடுக்கலாமே என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் தொலைபேசியில் என்னிடம் கேட்டார். மகளுக்குச் சில மாதம் இந்த மருத்துவமனை, சில மாதம் வேறு மருத்துவமனை, நடுவில் விடுமுறை, தேர்வு. கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு நாளைக்கு எந்த ஊரில் வேலை என்று இன்றிரவுதான் தெரியும். எங்கள் எதிர்வீட்டுப் பூக்கார அக்கா முகூர்த்த நாளில் மட்டும்தான் டவுனுக்குப் போகிறார். அவரிடமும் செப்டம்பரில் இதேபோல் 260 ரூபாய் வாங்கினார்கள். இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, ஈரமாகிச் சுருண்டிருந்த பத்து ரூபாய்த் தாள்களைப் படிக்கட்டில் வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்தி எண்ணிக் கொடுத்ததாகச் சொன்னார். இருபத்தாறு தாள். அன்று அவர் கட்டிய பூ முழுவதும் விற்றாலும் அவ்வளவு மிஞ்சாது. அவரும் வரிசையில் நின்றவர்தான்.

7. பரிசோதகர்கள் மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. டிக்கெட் எடுக்காமல் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். பிடியுங்கள்.

8. ஆனால் எங்களை ஏன்? காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறோம். வாங்கிக்கொள்ள ஆள் வையுங்கள் என்றுதானே கேட்கிறோம்? படியடியில் அபராதம் வசூலிக்கக் காலை ஏழரை மணிக்கு நான்கு பேரை நிறுத்த முடிகிறது. அவர்களில் ஒருவரை ஆறு மணிக்கு எங்கள் நிலையத்தின் இரண்டாவது கவுன்ட்டரில் உட்கார வைக்க முடியாதா? மூன்று முறை எழுதிவிட்டேன். ஐந்து மாதம் ஆகிறது. மழைக்காலமும் வந்துவிட்டது, சுரங்கப்பாதையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கிறது, வரிசை இப்போது அந்தத் தண்ணீரில் நிற்கிறது. யாராவது ஒருவர் ஒரு நாள் காலை வந்து பார்த்தால் போதும், இந்த மனுவே தேவைப்பட்டிருக்காது.

மனம் பொறுக்காமல் சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன். தாங்கள் பொறுத்தருள வேண்டும். கேட்பது இவைதான்:

காலை 6 மணி முதல் 9.30 வரை இரண்டாவது கவுன்ட்டரைத் திறக்க வேண்டும். இதுவே முதலும் முக்கியமும். மற்றவற்றைச் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

வெளுத்துப்போன க்யூஆர் அட்டையை மாற்ற வேண்டும். இதற்கு என்ன செலவாகிவிடும்? எங்கள் முனையில் உள்ள ஜெராக்ஸ் கடையில் ஐம்பது ரூபாய்க்கு லேமினேட் செய்து தருவார்கள்.

பழுதான இயந்திரத்தைச் சரிசெய்ய வேண்டும். மற்றொன்றை இயக்குபவரை ஆறு மணிக்கே வரச்சொல்ல வேண்டும்.

வரிசை நீண்ட நாட்களில் 55ஆம் பிரிவின்படியான சான்றை யாரிடம் வாங்குவது என்று தமிழில் ஒரு பலகை வைக்க வேண்டும். அபராத ரசீதின் பின்பக்கத்திலாவது, அதை எதிர்த்து யாருக்கு, எந்த முகவரிக்கு, எத்தனை நாளுக்குள் எழுதுவது என்று அச்சிட வேண்டும். ரயில்வே உரிமைக் கோரல் தீர்ப்பாயம் என்று ஒன்று இருப்பதையே நான் வழக்கறிஞர் தம்பி சொல்லித்தான் அறிந்தேன். ஆனால் 260 ரூபாய்க்காகத் தையல் மிஷினை மூடி வைத்துவிட்டு அங்கே ஏறி இறங்க எனக்கு வசதி இல்லை. தங்களால் ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம் இது.

என் மகளிடம் வாங்கிய 260 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். பணம் பெரிதில்லை. "டிக்கெட் இல்லை" என்று எழுதிய அந்தக் காரணம் தவறு என்று தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வேண்டும். அவள் அந்தக் கடிதத்தைக் கல்லூரியில் காட்டி வருகைப்பதிவைக் கேட்க விரும்புகிறாள். பணத்தைத் தர விதி இடம் கொடுக்காவிட்டாலும் அந்தக் கடிதத்தையாவது தயவுசெய்து தாருங்கள்.

மீண்டும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன் ஐயா, இந்த மனுவையும் உரிய பிரிவுக்கு அனுப்பிவிட்டு முடித்துவிட வேண்டாம். விசாரணைக்கு அழைத்தால் நானும் மகளும் நேரில் வரத் தயார். அசல் ரசீதும் வங்கிப் பட்டியலும் அவளிடம் பத்திரமாக இருக்கின்றன. வியாழக்கிழமை பிற்பகலில் அவளுக்கு வார்டுப் பணி இல்லை. அந்த நாளைக் குறித்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாணவியின் தாயார்,
நிலையத்தின் மேற்குச் சந்து.