எல்ஃப் என்பது குட்டிச்சாத்தான் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழ் சிறுவர் பகுதியில் வந்த வடதேசத்துக் கதையைப் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வட ஐரோப்பியப் பழங்கதைகளில் வரும் மாய இனமான ‘எல்ஃப்’ வரும் இடத்திலெல்லாம் ‘குட்டிச்சாத்தான்’ என்று போட்டிருந்தது. படத்திலும் முழங்கால் உயரம், கூர்க்காது, பச்சைத் தொப்பி. அது கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் வரும் எல்ஃப். அந்தக் கதைகளைச் சொன்ன பழைய வடதேசத்துக் கடலோடிகளான வைக்கிங்குகளிடம் காட்டினால் யாரென்று கேட்பார்கள்.

வைக்கிங்குகளின் மொழியான பழைய நோர்ஸில் உள்ள பாடல்களில் எல்ஃபுகள் பெயர் அடிக்கடி தேவர்கள் பெயரோடு ஜோடியாக வரும். ஃப்ரேயர் என்ற தெய்வத்துக்குப் பல் முளைத்தபோது பரிசாகக் கொடுத்தது எல்ஃபுகளின் உலகமான ஆல்ஃப்ஹைமைத்தான். அங்கே இருப்பவர்கள் சூரியனைவிட அழகு, மண்ணுக்கடியில் இருக்கும் இன்னொரு வகையினர் கீலைவிடக் கறுப்பு என்று 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதினார். குள்ளம் என்று அவர் சொல்லவில்லை.

இவர்களுக்குப் படையலும் உண்டு. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நார்வே மன்னரின் அவைக்கவிஞர் சிக்வாட் சுவீடனுக்குப் பயணம் போனார். ஒரு பண்ணை வீட்டில் இரவு தங்க இடம் கேட்டார். வாசலில் நின்ற பெண், உள்ளே எல்ஃபுகளுக்குப் பூசை நடக்கிறது, மேலே ஓரடி வைக்காதே என்று ஓநாயை விரட்டுவதுபோல விரட்டிவிட்டாள். கவிஞர் அந்தக் கோபத்தையும் பாட்டாக்கி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது! கோர்மாக்கின் சாகா என்ற பழைய ஐஸ்லாந்துக் கதையில், காயம் ஆறாத ஒருவனுக்குச் சொல்லப்படும் வைத்தியம் இது: எல்ஃபுகள் குடியிருக்கும் மேட்டில் காளை ரத்தத்தைப் பூசு, இறைச்சியை அவர்களுக்கு விருந்தாக வை.

அதற்காக இவர்கள் பரம சாது என்று சொல்ல வரவில்லை. திடீரென்று குத்துவலி வந்தால் எல்ஃப் எய்த அம்பாக இருக்கலாம் என்று பழைய ஆங்கிலேயர் பயந்தார்கள். பச்சிலைகளை வெண்ணெயில் காய்ச்சி மந்திரம் சொன்னார்கள். கெட்ட கனவுக்கு ஜெர்மானியர் இன்றும் சொல்லும் ‘ஆல்ப்டிராம்’ என்ற சொல்லிலும் இதே ஆசாமி நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். ஆனாலும் பிள்ளைக்கு ஆல்ஃபிரட், அதாவது ‘எல்ஃபின் ஆலோசனை’, என்று பெயர் வைத்தவர்களும் அதே ஆங்கிலேயர்தான். குட்டிச்சாத்தான் என்று யாராவது பெயர் வைப்பார்களா?

மொழிபெயர்ப்பில் இவர்கள் மாட்டிக்கொள்வது புதிதல்ல. செருப்புத் தைப்பவருக்கு ராத்திரியில் வேலை முடித்துக் கொடுக்கும் கிரிம் சகோதரர்களின் குட்டி மனிதர்கள் ஜெர்மனில் ‘விக்டெல்மேன்னர்’. ஆங்கிலத்துக்குப் போனபோது அவர்கள் எல்ஃபுகள் ஆனார்கள். இன்னொரு கூத்தும் உண்டு. ‘எல்ஃப் ராஜா’ வரும் டேனிஷ் நாட்டுப்பாடலை ஹெர்டர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் ஜெர்மனாக்கியபோது, பெயர் ‘ஆல்டர் மரத்து ராஜா’ ஆகிவிட்டது. 1782-இல் ஜெர்மன் கவிஞர் கெதே அதே பெயரில் கவிதை எழுதினார், 1815-இல் இசைமேதை ஷூபர்ட் அதற்கு இசையமைத்தார். அப்புறம் யார் திருத்துவது?

கதை இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. அடுத்த பகுதியில் ‘எல்ஃப்’ என்றே அச்சிடுங்கள். ஓவியரிடம் சொல்லி உயரத்தையும் கொஞ்சம் கூட்டுங்கள்.

– ஒரு வாசகி, நாகர்கோவில்