அறிவியல் ஆசிரியர்களின் புதன்கிழமைப் பயிற்சி குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அடுத்த மாதம் முதல் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் புதன்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளில் நம் பள்ளியின் அறிவியல் ஆசிரியர்கள் வகுப்பெடுக்க மாட்டார்கள். ஆய்வகத்தில் கூடிப் பயிற்சியில் இருப்பார்கள். இதைக் கேள்விப்பட்ட சில பெற்றோர், "பட்டம் வாங்கி, ஆசிரியப் பயிற்சியும் முடித்துத்தானே வேலைக்கு வந்தார்கள்? இன்னும் என்ன பயிற்சி?" என்று என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

சென்ற பருவத்தில் ஒரு மாலை நடந்ததைச் சொல்கிறேன். ஆய்வக மேசையில் ஒரு டார்ச் பல்பு, ஒரு பேட்டரி, ஒரே ஒரு துண்டுக் கம்பி ஆகியவற்றை வைத்தோம். பல்பை எரியவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து ஆசிரியர்கள் இருந்தார்கள். முதலில் எடுத்தவர் பேட்டரியின் தலையிலிருந்து பல்பின் அடிக்குக் கம்பியைக் கொண்டுபோனார். எரியவில்லை. அடுத்தவர் இன்னொரு கம்பி கேட்டார். மின்சுற்று முழுமையாக இருந்தால்தான் மின்னோட்டம் பாயும் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறவர்கள் இவர்கள். கடைசியில் ஓர் ஆசிரியை பல்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் அடிமுனையைப் பேட்டரியின் தலையில் நிறுத்தி, பக்கவாட்டு உலோக உறையைக் கம்பியால் பேட்டரியின் அடியோடு இணைத்தார். எரிந்தது. பல்புக்கு மின்சாரம் உள்ளே போக ஓர் இடமும் வெளியே வர ஓர் இடமும் இருப்பதை அன்றுதான் கையால் உணர்ந்ததாக அவர் சொன்னார். பாடநூல் படத்தில் பல்பு ஒரு வட்டம், நடுவே ஒரு பெருக்கல் குறி. அதை எத்தனை முறை வரைந்தாலும் இந்த இரண்டு இடங்கள் கண்ணில் படாது.

அந்த ஆசிரியை உயிரியல் படித்தவர். நம் பள்ளியில் இயற்பியலும் அவர்தான் நடத்துகிறார். அறிவியல் என்று ஒரே பெயரில் மூன்று நான்கு துறைகளை ஒருவர் தலையில் வைக்கிறோம். படிக்காத துறையை நடத்தும்போது அவருக்குத் துணை நிற்க வேண்டிய பொறுப்பு பள்ளியினுடையது.

படித்த துறையிலும் சிக்கல் இருக்கிறது. கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார்: பாடத்தை அறிவது வேறு, அந்தப் பாடம் பிள்ளைக்கு எங்கே முரண்டு பிடிக்கும், எந்த எடுத்துக்காட்டால் இளகும் என்று அறிவது வேறு. இந்த இரண்டாம் அறிவு பட்டப்படிப்பில் முழுதாகக் கிடைப்பதில்லை. வகுப்பறையில், மற்ற ஆசிரியர்களோடு பேசிப் பேசித்தான் சேரும்.

ஒளிச்சேர்க்கைப் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதும் பிள்ளையிடம், "இவ்வளவு பெரிய மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?" என்று கேட்டால், "மண்ணிலிருந்து" என்று சொல்லும். வான் ஹெல்மான்ட் என்ற அறிஞர் 17ஆம் நூற்றாண்டிலேயே இதைச் சோதித்தார். 200 பவுண்டு மண்ணில் ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் நீர் மட்டும் ஊற்றினார். மரத்தின் எடை சுமார் 164 பவுண்டு கூடியது. மண்ணில் குறைந்தது ஏறத்தாழ இரண்டே அவுன்ஸ். ஆகவே நீர்தான் மரமாகிவிட்டது என்று முடிவுக்கு வந்தார். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுதான் பெரும்பாலும் மரத்தின் உடலாகிறது என்பது அவருக்குத் தெரியவில்லை. வாயுவைக் குறிக்கும் 'கேஸ்' என்ற சொல்லையே உருவாக்கியவர் அவர். அவருக்கே பிடிபடாதது நம் பிள்ளைக்கு ஒரே பாடவேளையில் பிடிபட வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. "தவறு" என்று சொல்லி நகர்ந்துவிடாமல், பிள்ளை ஏன் அப்படி நினைக்கிறது என்று கேட்கத் தெரிந்த ஆசிரியர் வேண்டும்.

கேட்டுவிட்டுக் காத்திருக்கவும் தெரிய வேண்டும். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளில் அளந்து பார்த்தபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்தார்கள். மூன்று நொடி பொறுத்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி மௌனம் கேட்க எளிது, வகுப்பில் நின்று பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். பழகாமல் வராது.

பயிற்சி என்ற பெயரில் ஒரு மண்டபத்தில் நாள் முழுக்க உட்காரவைத்து, திரையில் வரிகளை ஓட்டி, மாலையில் சான்றிதழ் கொடுத்து அனுப்பும் கூட்டங்களுக்கு நானும் போயிருக்கிறேன். மறுநாள் என் வகுப்பில் எதுவும் மாறவில்லை. ஆகவே ஜப்பானிய ஆசிரியர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் முறையை எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் அதை வகுப்பில் நடத்துவார். மற்றவர்கள் பின்னால் நின்று, ஆசிரியரை அல்ல, பிள்ளைகளைக் கவனிப்பார்கள்: யார் எங்கே விழித்தார்கள், யார் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதினார்கள் என்று. பிறகு கூடிப் பேசி, அந்தப் பாடத்தைத் திருத்துவார்கள். மதிப்பெண் போடும் மேற்பார்வை இதில் இல்லை. பயந்துகொண்டே யாரும் கற்க முடியாது, ஆசிரியர்களும்தான்.

இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த இரு ஆசிரியர்களுக்கும் அனுபவமுள்ள ஒருவரைத் துணையாக வைத்திருக்கிறேன், வாரத்தில் சில பாடவேளைகளையும் குறைத்திருக்கிறேன். அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்ததே. நாற்பது பிள்ளைகள் சுற்றி நிற்கையில் பதற்றமில்லாமல் அதைச் செய்துகாட்டப் பழக்கம் வேண்டும். அதையும் அந்தப் புதன்கிழமைகளில்தான் பழகுவார்கள்.

இதனால் அறிவியல் நோட்டில் எழுதும் பக்கங்கள் சில மாதங்களுக்குக் குறையலாம். பாடம் நடக்கவில்லை என்று எண்ண வேண்டாம். பிள்ளையிடம், "இன்று என்ன எழுதினாய்?" என்பதோடு, "இன்று எதைப் பற்றி வாதம் நடந்தது?" என்றும் கேளுங்கள்.

பயிற்சி நேரத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூலகத்திலும், ஒன்பது, பத்தாம் வகுப்புகள் மொழி மற்றும் கணித ஆசிரியர்களிடமும் இருப்பார்கள். பள்ளி முடியும் நேரத்தில் மாற்றமில்லை. விட்டுப்போகும் அறிவியல் பாடவேளைகள் அதே வாரத்தில் ஈடுசெய்யப்படும். ஐயம் இருந்தால் காலை வழிபாடு முடிந்ததும் என் அறைக்கு வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்