நாய்களோடு மலைக்கு வரும் மகளுக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

ஆகஸ்டில் லண்டனிலிருந்து மருமகனையும் இரண்டு நாய்களையும் கூட்டிக்கொண்டு சுவிசுக்கு வருகிறாய், வந்து மலையில் நடக்கப் போகிறாய் என்றதும் அம்மாவுக்கு ஒரே சந்தோசம். கறுப்பனும் மணியும் எங்கே படுக்கும், சாமிப் படம் இருக்கிற அறைக் கதவைச் சாத்த வேணுமா என்பதுதான் அவளுடைய யோசனை. என்னுடைய யோசனை மாடுகளைப் பற்றி. வாட்ஸ்அப்பில் எழுதினால் வாசிக்காமலே பெருவிரலைக் காட்டுவாய், அதனால்தான் கடிதம்.

பேர்ணில் பிறந்து வளர்ந்தவள், பள்ளிக்கூடத்தோடு எத்தனையோ மலை ஏறியவள், உனக்கு அப்பா என்ன சொல்லித்தருவது என்று நினைப்பாய். நாய் இல்லாமல் நடந்தது வேறு கதை. பென்சன் எடுத்ததிலிருந்து மேல்மாடிக் கிழவியின் நாயை நான்தான் நடத்துகிறேன். அதற்கு இப்போது ஜெர்மனை விடத் தமிழ் நன்றாக விளங்கும். அதோடு அலைந்து பழகியதைத்தான் எழுதுகிறேன்.

மேய்ச்சல் நிலத்தில் இப்போது பல இடங்களில் இறைச்சிக்கு வளர்க்கிற மாடுகளைக் கன்றோடு சேர்த்தே விடுகிறார்கள். கன்று பக்கத்தில் நிற்கிற தாய்க்கு நாயும் ஓநாயும் ஒன்றுதான். 2014இல் ஆஸ்திரியாவின் டிரோல் பக்கம், பின்னிஸ் பள்ளத்தாக்கில், நாயோடு நடந்துபோன ஜெர்மன் பெண் ஒருவரை மாடுகள் மிதித்துக் கொன்றுவிட்டன. நாயின் கயிற்றை அவர் இடுப்பில் கொளுவியிருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020இல் மாட்டுக்காரருக்குப் பாதி, இறந்தவருக்குப் பாதி என்று பொறுப்பைப் பிரித்தார்கள்.

அதனால், நீ ஓடும்போது இடுப்பில் கட்டி நாயைக் கொளுவுகிற அந்தப் பட்டியை லண்டனிலேயே விட்டுவிட்டு வா. கையில் பிடிக்கிற கயிறு போதும். கன்றோடு மாடுகள் தெரிந்தால் தூரத்திலேயே வளைந்து போ. பாதையை மறித்துக்கொண்டு நின்றால் வந்த வழியே திரும்பு, அதில் ஒரு வெட்கமும் இல்லை. கன்றுக்குக் கிட்டப் போய்ப் படம் எடுக்க வேண்டாம் என்று மருமகனுக்கும் சொல்லிவை, அவர் எதைக் கண்டாலும் போனைத் தூக்குகிற ஆள். மாடு தலையைக் குனிந்துகொண்டு வந்தால் கயிற்றை உடனே விட்டுவிடு. அது தேடி வருவது நாயை. நாய் உன்னை விட வேகமாக ஓடித் தப்பிவிடும். மணியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பாய் என்று எனக்குத் தெரியும். அதை மட்டும் செய்யாதே.

ஆட்டு மந்தைக்குள் பெரிய வெள்ளைக் காவல் நாய்கள் நிற்கலாம். 1995 அளவில் ஓநாய்கள் சுவிசுக்குத் திரும்பி வந்தன, அதற்குப் பிறகு இந்தக் காவலும் கூடிவிட்டது. குரைத்துக்கொண்டு பாய்ந்து வரும். ஓடாமல், தடியை ஆட்டாமல் நின்று, அவை அடங்கியபிறகு மந்தையைச் சுற்றிப் போ.

சரி, எங்கே நடப்பது? முதல் நாள் மென்லிஹன் மலைக்குப் போங்கள். கிரிண்டெல்வால்டில் கொண்டோலா ஏறினால் மேலே விடும். அங்கிருந்து கிளைன ஷைடெக் கணவாய் வரை நாலரை கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் வரும். மஞ்சள் பலகையில் போட்டிருக்கிற நேரத்தில் இளைப்பாறுகிற நேரம் சேராது என்பது உனக்குத் தெரியும்தானே. வழி முழுக்க 3,967 மீட்டர் ஐகர், மொன்ஹ், 4,158 மீட்டர் யுங்ஃபிரா என்ற மூன்று சிகரங்களும் முன்னால் நிற்கும். கிரிண்டெல்வால்ட் ஹோட்டல் குசினியில் சட்டி கழுவிய காலத்தில் ஐகரை நான் யன்னலால் பார்த்ததோடு சரி, அதுவும் ஆவி படிந்த கண்ணாடி. காலையில் முதல் கொண்டோலாவைப் பிடித்துவிடு. பிறகு சனம் நிறைந்துவிடும், பின்னேரத்தில் இடியும் வரும்.

வெள்ளை சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட பாதை கறுப்பனுக்குச் சரி. நீலக் கோடு கண்டால் போகாதே, அங்கே பாறையும் பனியும்தான். இரும்புக் கம்பி வலைப் பாலங்களில் அவன் கால் வைக்க மறுப்பான், இழுக்காதே. சல்லிக் கல்லில் நடந்தால் விரல் இடுக்கில் கூரான துண்டுகள் சிக்கும். நொண்டாமலே நடந்துகொண்டிருக்கும், நமக்குத் தெரியாது. நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் காலைத் தூக்கி, விரல்களை விரித்து, உள்மெத்தையைத் தடவிப் பார்.

ரோபிடோக் என்கிற பச்சைப் பெட்டியில் நாய்க் கழிவு அள்ளுகிற பை இருக்கும், ஆனால் மேலே ஏறினால் பெட்டி இல்லை. பையை முதுகிலே சுமந்துகொண்டு வா. நாய்க் கழிவு புல்லில் கிடந்தால் மாட்டுக்குக் கரு கலைகிற நோய் வரலாம், கமக்காரர் சும்மா ஏசுவதில்லை.

நீ அனுப்பிய பட்டியலில் எங்காடின் தேசியப் பூங்காவை வெட்டிவிடு. கயிற்றில் பிடித்தாலும் அங்கே நாயை விடமாட்டார்கள். அதற்குப் பதிலாகப் பெரிய சென் பேர்னார் கணவாய்க்குப் போகலாம், 2,469 மீட்டர். கோடையில் சென் பேர்னார் என்கிற பெரிய நாய்களை அங்குள்ள துறவிகள் மடத்துக்கு மேலே கொண்டுவருவார்கள். பேர்ண் மியூசியத்தில் கண்ணாடிக்குள் நிற்கிற பாரி அங்கே இருந்த நாய்தான். 1800இல் பிறந்து 1814இல் இங்கே செத்தது, நாற்பது பேரளவில் காப்பாற்றியதாகச் சொல்வார்கள். கழுத்தில் சாராயப் பீப்பா தொங்கியது என்பது கட்டுக்கதை.

ரெயினில் மணியைப் பைக்குள் வைத்தால் காசில்லை. கறுப்பனுக்கு அரை ரிக்கற் எடுக்க வேண்டும்.

இனி பேப்பர் வேலை. விசர்நாய்த் தடுப்பூசி போட்டு 21 நாளாவது ஆகியிருக்க வேண்டும். அங்குள்ள மிருக வைத்தியர் தருகிற சுகாதாரச் சான்றிதழோடு பத்து நாளுக்குள் பிரான்சின் கலேத் துறையைத் தாண்டிவிடு. திரும்பிப் போகும்போதுதான் சனம் மாட்டுப்படுகிறது: இங்கிலாந்துக்குள் நுழைய 24 மணி நேரத்துக்கு முன், 120 மணி நேரத்துக்குள், நாடாப்புழு மருந்து கொடுத்து வைத்தியர் எழுதித்தர வேண்டும். சனி, ஞாயிறில் இங்கே ஒருவரையும் பிடிக்க முடியாது. கடலடிச் சுரங்க ரெயினில் கார் ஏறுகிற நாளைக் கெதியாய்ச் சொல்லு, இரண்டு நாளுக்கு முதல் பேர்ணில் நேரம் எடுத்துவைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா