50 கி.மீ. நடையை ஏன் ஒழித்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலக நடைப்போட்டி அணி சாம்பியன்ஷிப்பில் 2026 முதல் அரை மாரத்தான் (சுமார் 21 கி.மீ.), மாரத்தான் (சுமார் 42 கி.மீ.) தூரங்கள்தான் என்ற செய்தியை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் நாலே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்தப் போட்டியின் கதை தெரிந்தவர்களுக்கு அந்த நாலு வரியே எரிச்சலைக் கிளப்பப் போதும்.

1961இல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் தொடங்கியதால் நெடுங்காலம் இதற்கு லுகானோ கோப்பை என்றே பெயர். 20 கி.மீ., 50 கி.மீ. என்று இரண்டே பந்தயங்கள், இரண்டும் ஆண்களுக்கு. முதல் இரண்டு முறையும் பிரிட்டன்தான் ஜெயித்தது. அப்புறம் கிழக்கு ஜெர்மனியின் காலம், அவர்களுடைய கிறிஸ்டோஃப் ஹோனே 1965, 1967, 1970 என்று தொடர்ந்து மூன்று முறை 50 கி.மீ.யில் முதலிடம். 1977இல் மெக்சிகோ கோப்பையை வென்றதற்குப் பின்னால் இருந்தவர் போலந்திலிருந்து அங்கே போன யெர்சி ஹவுஸ்லெபர் என்ற பயிற்சியாளர்.

பெண்களுக்கு 1979இல்தான் கதவு திறந்தது, ஜெர்மனியின் எஷ்போர்ன் நகரில், அதுவும் வெறும் 5 கி.மீ. 1983இல் அது 10 கி.மீ. ஆனது, ஆண்களோடு சமமாக 20 கி.மீ. நடக்க 1999 வரை காத்திருந்தார்கள். 50 கி.மீ.யில் பெண்களுக்கென்று தனிப் பந்தயம் வந்தது 2018இல் சீனாவின் தைசாங்கில். லியாங் ருய் 4 மணி 4 நிமிடம் 36 விநாடியில் உலக சாதனையோடு ஜெயித்தார். இடுப்பை ஆட்டி ஆட்டி நடப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும்: தரையை ஊன்றும் காலின் முழங்கால் மடங்கக்கூடாது, இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்பியது நடுவர் கண்ணில் படக்கூடாது, சிவப்பு அட்டைகள் சேர்ந்தால் வெளியே போக வேண்டியதுதான், இத்தனைக்கும் நடுவில் நாலு மணி நேரம் இடைவிடாமல் நடக்க வேண்டும்.

சரி, இவ்வளவு போராடி வந்த பந்தயம் என்ன ஆனது? ஒலிம்பிக்கில் 50 கி.மீ. ஆண்களுக்கு மட்டும்தான் இருக்கிறது, அது பாலின சமத்துவத்துக்கு ஒத்துவராது என்றது சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி. அப்படியென்றால் பெண்களுக்கும் சேர்க்க வேண்டியதுதானே? அதைத்தான் போர்ச்சுகலின் இனேஸ் ஹென்ரிகேஸ் உள்ளிட்ட வீராங்கனைகள், விளையாட்டுத் தகராறுகளைத் தீர்க்கும் சர்வதேச அமைப்பான விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை போய்க் கேட்டார்கள், 2020இல் இதை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று அது கைவிரித்துவிட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் மட்டும் கடைசியாக ஒருமுறை 50 கி.மீ. நடந்தார்கள், அதோடு எல்லாருக்கும் மூடுவிழா. சமத்துவத்தை இப்படியும் கொண்டுவரலாம் போல!

பதிலுக்கு வந்தது 35 கி.மீ. 2022இல் மஸ்கட்டில்தான் இந்தப் போட்டியில் அதை முதலில் நடத்தினார்கள், அங்கேதான் ராவினா, பாவனா ஜாட், முனிதா பிரஜாபதி சேர்ந்து பெண்கள் 20 கி.மீ. அணிப் பிரிவில் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்தார்கள், எத்தனை பேருக்குத் தெரியும்? இப்போது அந்த 35 கி.மீ.யும் போய்விட்டது. ஒரு தூரத்துக்கு உடம்பைப் பழக்கவே வருடக்கணக்கில் ஆகும், அந்தத் தூரம் நிலைக்குமா என்றே தெரியாமல் ஒரு சின்னப் பெண் எதை நம்பிப் பயிற்சி எடுப்பாள்?

உங்கள் நிருபர்கள் உலக தடகள சம்மேளனத்து ஆட்கள் யாரையாவது பேட்டி எடுத்தால், இந்த மாரத்தான் தூரத்தை எத்தனை வருடம் விட்டுவைப்பார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருநெல்வேலி