குதிக்காத கங்காரு

நாரகூர்ட், தெற்கு ஆஸ்திரேலியா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். உங்களுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று அம்மா போனில் சொன்னாள். சந்தோஷம், ஆனால் காலை நடையை விட்டுவிடாதீர்கள்.

"கங்காரு பார்த்தாயா?" என்று எப்போதும் கேட்பீர்களே. உயிரோடு இருப்பவை ரோட்டோரமெல்லாம் மேய்கின்றன. ஷிஃப்ட் முடிந்து வரும்போது அதற்குப் பயந்தே காரை மெதுவாக ஓட்டுகிறேன். எனக்குப் பிடித்துப்போனது என்னவோ, செத்து ஒழிந்த ஒரு இனம்.

ஊருக்குப் பக்கத்திலேயே சுண்ணாம்புப் பாறைக் குகைகள் உண்டு. மேலே திரிந்த விலங்குகள் கூரையிலிருந்த ஓட்டைகளில் தவறி விழுந்து, லட்சக்கணக்கான வருஷ எலும்பு உள்ளே குவிந்துவிட்டது. அதில் ஒரு பெரிய குவியலை 1969-ல்தான் கண்டுபிடித்தார்கள். குட்டைமுகக் கங்காருகளின் எலும்புகளும் அங்கே கிடைத்தன.

இந்தக் கூட்டத்தை ஸ்தெனூரின் என்கிறார்கள். இதிலேயே பெரியது புரோகாப்டோடான். இரண்டு மீட்டர் உயரம், 230 கிலோவுக்குக் குறையாத எடை. பின்னங்காலில் குதிரைக்கு இருப்பதுபோல ஒரே விரல். கையில் கிளையை வளைத்து இழுக்கத் தோதாக நகத்தோடு இரண்டு நீண்ட விரல்கள். கொஞ்சம் பயங்கரமாகத்தான் இருந்திருக்கும்! புல்லைவிட இலைதழைகளையே அதிகம் தின்று வாழ்ந்த கூட்டம் இது என்கிறார்கள். புரோகாப்டோடான் வறண்ட நிலத்து உப்புப் புதர்களைத் தின்றதைப் பல்லை ஆராய்ந்தே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இவை குதிக்காமல் நம்மைப்போல ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து நடந்திருக்கும் என்று கிறிஸ்டின் ஜானிஸ் என்ற ஆய்வாளர் 2014-ல் எழுதினார். இப்போதைய கங்காருவுக்குத் தரையில் அப்படி நடக்க வராது. மெதுவாகப் போகும்போது வாலையும் ஒரு காலாக ஊன்றிக்கொள்ளும். பழையதற்கோ இடுப்பெலும்பு அகலம், கால் மூட்டுகளும் பெரியவை. எல்லோரும் இதை ஏற்கவில்லை. குகையில் எலும்புக்கூட்டைப் பார்த்த பிறகு எனக்கென்னவோ நடந்திருக்கும் என்றே தோன்றுகிறது.

சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் இவை அழிந்துவிட்டன. மனிதர்கள் வேட்டையாடியதாலா, பருவநிலை மாறியதாலா என்று இன்னும் சண்டை ஓயவில்லை.

நீங்கள் இருவரும் வரும்போது குகைக்கு அழைத்துப் போகிறேன். அம்மாவின் முழங்காலுக்குப் படிகள் சிரமம்தான், நிதானமாக இறங்கலாம். வெளியே என்ன வெயில் அடித்தாலும் உள்ளே 17 டிகிரிதான், அதனால் ஸ்வெட்டரை மறக்காதீர்கள். அப்புறம், பருப்புப்பொடி தீர்ந்துவிட்டது. அதையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்