ஜெராக்ஸ் கடைத் தங்கச்சிக்கும் நம்ம ஊருக்கும் நன்றி

அன்புள்ள பந்தலூர், கூடலூர் பக்கத்துச் சொந்தங்களுக்கு வணக்கம்.

நிதி கிடைத்துவிட்டது. நேற்று மாலை நாலு மணி வாக்கில் மின்னஞ்சல் வந்தது. படித்துவிட்டு அரை மணி நேரம் யாரோடும் பேச முடியாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். கேட்டதில் முக்கால் பங்கு கொடுத்திருக்கிறார்கள். பையன்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ளாமல் இருக்க நாம் நடத்தும் மாலை நேர மையம் இன்னும் ஒரு வருஷத்துக்கு நிற்காமல் நடக்கும். இந்த மனநிலை ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் இன்று விடியற்காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

போன மார்கழியில் நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. உங்கள் எல்லோருக்கும் தெரியும். இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால், நம் தோட்டத்தின் இரண்டு லைன்களிலும் (தொழிலாளர் வீட்டு வரிசைகளிலும்) அம்மாக்கள் எழுந்து உள்ளே போய்விடுகிறார்கள். பையன்களின் பெயரும் இந்த மடலில் வராது. காரணம் கீழே வருகிறது.

இந்த நன்றியில் பெரும்பங்கு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தங்கச்சிக்கு. "என் பேரைப் போடாதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டதால் போடவில்லை. ஆனால் அந்தக் கடையில் ஒரு தாளாவது எடுக்காதவர்கள் நம் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

விண்ணப்பத்தை ஏற்ற அது கடைசி நாள். ஆடி மழை. தேவாலா பக்கம் மரம் விழுந்து காலையிலேயே கரண்ட் போய்விட்டது. எழுதிய தாள்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நான் கடைக்குப் போகும்போது மாலை ஆறரை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவர் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஷட்டரை மறுபடி தூக்கினார். சாரல் அடிக்காமல் இருக்க பிரிண்டர் மேல் ஒரு உரச்சாக்கைப் போட்டார். இன்வெர்ட்டரில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் ஓடியது.

நான் தமிழில் எழுதியிருந்ததை ஆசிரிய நண்பர் ஒருவர் ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்திருந்தார். தங்கச்சி டைப் அடித்துக்கொண்டே போனார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

"அண்ணா, இந்த 'ஆன்டி சோஷியல்'னு இருக்கே, அது யாரு? நம்ம பசங்களா?"

ஆமாம், சமூக விரோதிகள் என்று எழுதினால்தான் நிதி தருபவர்களுக்குப் பிரச்சினையின் தீவிரம் புரியும் என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"போன வாரம் பாட்டியோட ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க ஒருத்தன் வந்தான். கூட்டமா இருந்துச்சு. பாட்டி நிக்க முடியாம நின்னாங்க. உள்ள வந்து என் ஸ்டூலை எடுத்துப் போட்டு உக்கார வெச்சான். அவனும் இந்த லிஸ்ட்ல இருக்கான்ல?"

இருந்தான். முதல் பெயரே அவனுடையதுதான்.

"நாளைக்கு இந்தத் தாள் அவன் கையில கெடச்சு, அவன் படிச்சா?"

என்னிடம் பதில் இல்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தக் கேள்வி எனக்கு ஏன் அப்படிச் சுட்டது என்பதை நம் ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேருக்கு இந்தியக் குடியுரிமை என்று முடிவானது. அந்தக் கணக்கில் ஒருவராகத்தான் என் அப்பா இந்தியப் பாஸ்போர்ட்டோடு கப்பலேறி வந்தார். இங்கே அரசு தேயிலைத் தோட்டம் 1968-இல் தொடங்கப்பட்டதே அப்படித் திரும்பி வருபவர்களுக்கு வேலையும் வீடும் கொடுக்கத்தான். அப்படி இருந்தும் பள்ளிக்கூடத்தில் எனக்கு இருந்த பெயர் 'அகதி'. வாத்தியார் வருகைப் பதிவு எடுக்கும்போது பின்பெஞ்சிலிருந்து அந்தச் சொல் வரும். ஒரு சொல் ஒரு பையனைப் பத்து வருஷம் எப்படிக் கூனிக் குறுக வைக்கும் என்று தெரிந்த நானே, இன்னொரு சொல்லை எடுத்து இருபத்திரண்டு பையன்கள் தலையில் ஒட்டியிருக்கிறேன். அதுவும் அவர்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு.

"சரி, வேற எப்படி எழுதலாம்?" என்று கேட்டேன்.

"அவங்க என்னன்னு எழுதாதீங்க. சாயங்காலம் அவங்களுக்கு என்ன இல்லன்னு எழுதுங்க" என்றார்.

மூன்று பக்கத்தையும் முதலிலிருந்து மாற்றினோம். அப்பா அம்மா இருவரும் கொழுந்து பறிக்கவோ திருப்பூருக்கோ போய்விட, மாலை ஆறு மணிக்கு மேல் போக இடமில்லாத 14 முதல் 19 வயதுப் பையன்கள் என்று எழுதினோம். எதிர் லைன் பையன் எங்கே மடக்குவானோ என்ற பயத்திலேயே பையில் எதையாவது வைத்துக்கொண்டு நடக்கிறவர்கள் என்று எழுதினோம். ஆங்கிலத்துக்கு நண்பரைக் கைபேசியில் பிடித்தோம். சிக்னல் போய்ப் போய் வந்தது. அவரும் சலிக்காமல் ஒவ்வொரு வரியாகச் சொன்னார். இன்வெர்ட்டர் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தபோது மணி பத்தரை. தங்கச்சி தன் கைபேசி இணையத்தைக் கொடுத்து, பதினொன்றே காலுக்கு விண்ணப்பத்தை ஏற்றிவிட்டார். டைப் அடித்ததற்கும் காசு வாங்கவில்லை. அவர் வீட்டுக்காரர் குடையோடு வந்து வெளியே ஒரு மணி நேரமாக நின்றிருந்தது கடையைப் பூட்டும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கும் நன்றி.

பிற்பாடு வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். அதன் மூன்றாம் பிரிவில் இருக்கும் கோட்பாடுகளில் ஒன்று, சிறார் தொடர்பான நடவடிக்கைகளில் குற்றம்சாட்டும், இழிவுபடுத்தும் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்பது. பெயரும் படமும் ஊடகத்தில் வெளியாகக் கூடாது என்கிறது 74-ஆம் பிரிவு. சட்டப் புத்தகத்தைத் தொட்டே பார்க்காத நம் தங்கச்சி, ஸ்டூல் எடுத்துப் போட்ட ஒரு பையனை நினைத்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அந்த மாற்றத்தால்தான் நிதி கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். தேர்ந்தெடுத்தவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. நேற்று அந்த மின்னஞ்சலைப் பையன்களிடம் மறைக்காமல் காட்ட முடிந்தது, விண்ணப்பத்தின் பிரதியையும் சேர்த்து. எனக்கு அது போதும்.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். குன்னூர் ஆடிட்டர் ஐயா மூன்று வருஷத் தணிக்கை அறிக்கையை ஒரே வாரத்தில் முடித்துக் கொடுத்தார். 12ஏ, 80ஜி என்ற வருமான வரிப் பதிவுகள் எல்லாம் முன்பே இருந்தன. ஆனால் 2021 ஏப்ரலிலிருந்து சிஎஸ்ஆர்-1 என்ற படிவத்தில் பதிவு செய்யாத அமைப்பின் வழியாகக் கம்பெனிகள் தங்கள் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) பணத்தைச் செலவிட முடியாது என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அதையும் அவரே பதிவு செய்து கொடுத்தார். ஆசிரிய நண்பர் தேடிக் கொடுத்த விவரங்களும் பெரிய உதவி. சிகாகோவில் கேரி ஸ்லட்கின் என்ற மருத்துவர் வன்முறையைத் தொற்றுநோய் போலப் பார்த்து, ஒரு அடி அடுத்த அடியாகப் பரவுவதற்கு முன் நடுவில் போய் நிற்கும் வேலையை 2000-இல் தொடங்கியிருக்கிறார். கிளாஸ்கோவில் 2005-இல் காவல்துறையே அதற்கென்று ஒரு தனிப் பிரிவு அமைத்திருக்கிறது. இங்கே நடுவில் போய் நிற்பவர்கள் நம் ஜீப் ஓட்டும் தம்பிகள் மூன்று பேர். ஒரு காலத்தில் அவர்களும் இதே சந்தில் அடித்துக்கொண்டவர்கள்தான். அதனால்தான் அவர்கள் சொன்னால் பையன்கள் கேட்கிறார்கள். மார்கழிக்கு அப்புறம் இரண்டு தடவை பழிக்குப் பழி என்று கிளம்பியதை, விடிய விடியப் பேசி நிறுத்தியவர்கள் அவர்கள்.

நிதி தருபவர்கள் தொலைபேசியில் கேட்டது ஒரே ஒரு சந்தேகம்தான். மையத்திலிருந்து வீடு திரும்ப, ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு ராத்திரி எட்டே முக்காலுக்கு எதற்கு ஜீப், பையன்கள் நடக்கலாமே என்றார்கள். யானை நிற்கும் என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஜீப் வாடகையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. அவர்களுக்கும் என் நன்றி.

பூட்டிக் கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவை (குழந்தைகள் காப்பகத்தை) திறந்து கொடுத்த தோட்ட நிர்வாகம், சுண்டலும் கட்டஞ்சாயாவும் (பால் சேர்க்காத டீ) தங்கள் செலவிலேயே ஏழு மாதம் கொடுத்த மகளிர் குழு அக்காமார், சீருடை இல்லாமல் வந்து பையன்களோடு கேரம் ஆடிவிட்டுப் போன காவலர், இரண்டு லைனிலிருந்தும் வந்து ஒரே பாயில் உட்கார்ந்த அந்த இரண்டு அம்மாக்கள். அவர்கள் உட்காரவில்லை என்றால் இந்த மையமே இல்லை. அவர்களைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை. கும்பிட்டுக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் எல்லோருக்கும் முன்னால் சொல்லிவைக்கிறேன். இனிமேல் எந்த நிதிக்காகவும், எந்த அறிக்கைக்காகவும் ஒரு பையனைப் பற்றி நான் எழுதும் வரி, அவனிடம் படித்துக் காட்டாமல் இந்த மையத்தை விட்டு வெளியே போகாது. அவன் வேண்டாம் என்றால் அந்த வரி நீக்கப்படும். அதனால் பணம் வராமல் போனால் மறுபடி உங்கள் வீட்டுவாசலில் வந்து நிற்பேன்.

வரும் திங்கட்கிழமையிலிருந்து மாலை ஐந்தரைக்குக் கதவு திறந்திருக்கும். யார் வீட்டிலாவது பழைய மேசை நாற்காலி இருந்தால் கொடுங்கள். இந்த மடலையும் அதே கடையில்தான் டைப் அடிக்கக் கொடுக்கப் போகிறேன். தன்னைப் பற்றி எழுதியதில் எதையாவது எடுக்கச் சொன்னால் தங்கச்சி சொல்லட்டும், எடுத்துவிடலாம்.

அன்புடன்,
மையத்துக்காக உங்கள் அண்ணன்